ஓட்ட ஒரு ஜோடி, இறங்க ஒரு ஜோடி

லாரி ஓட்டுபவர்களும் அவர்கள் வீட்டாரும் காலணி பற்றிக் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

கே: வருஷக்கணக்காக ஹவாய் செருப்பு போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. எதற்கு மாற்ற வேண்டும்?
(டிரைவர், நாமக்கல்)

ப: இத்தனை வருஷம் காப்பாற்றியது உங்கள் காலின் பழக்கம், செருப்பு அல்ல. குதிகாலைப் பிடிக்காத செருப்பு, ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் தாவும்போது முனை மடங்கிப் பெடலில் மாட்டும். கழன்று பிரேக் பெடலுக்கு அடியில் போய்விட்டால் பெடல் முழுசாக இறங்காது. 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரே நொடியில் 16 மீட்டர் தாண்டிவிடும். குனிந்து செருப்பை எடுக்க அந்த நொடி போதாது.

கே: செருப்பு போட்டு ஓட்டினால் அபராதம் என்கிறார்களே?
(கிளீனர், சங்ககிரி)

ப: 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தோடு பரவிய வதந்தி அது. அப்படி எதுவும் இல்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே அப்போது மறுத்தது. போலீஸுக்காக மாற்ற வேண்டாம்; பிரேக்குக்காக மாற்றுங்கள்.

கே: அப்படியென்றால் ஸ்டீல் டோ ஷூவையே போட்டு ஓட்டிவிடலாமா?
(டிரைவர், தூத்துக்குடி)

ப: கூடாது. அடி தடித்திருந்தால் பெடல் எவ்வளவு இறங்கியது என்று பாதத்துக்குத் தெரியாது. அகன்ற முனை பக்கத்துப் பெடலில் இடிக்கும். ஓட்டுவதற்கு மெல்லிய அடியுள்ள, நன்றாக வளைகிற, குதிகாலை மூடுகிற கான்வாஸ் ஷூ போதும். லேஸ் நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.

இறங்கினால் கதை வேறு. தார்ப்பாய் கட்ட மேலே ஏறுகிறீர்கள். ஆள் எடைக்கு மேல் கனக்கிற ஸ்டெப்னியை உருட்டுகிறீர்கள். குடோன் வாசலில் ஆணியும் கண்ணாடித் துண்டும் கிடக்கும். அங்கே விரலைக் காப்பது ஸ்டீல் டோ ஷூதான். ஓட்ட ஒன்று, இறங்க ஒன்று என இரண்டு ஜோடி கேபினில் இருக்கட்டும். கழற்றியதைப் பெடல் பக்கம் போடாமல் சீட்டுக்குப் பின்னால் வையுங்கள்.

கே: கடையில் எதைப் பார்த்து வாங்குவது?
(டிரைவர், சேலம்)

ப: ஸ்டீல் டோ ஷூ என்றால், முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15298 என்ற எண்ணும். அதில் பகுதி 2 என்றிருந்தால் விரல் மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. எஸ்1பி என்று அச்சிட்டிருந்தால் ஆணி ஏறாத தடுப்பும் அடியில் உண்டு. டீசல் பட்டால் சாதாரண ரப்பர் ஊறி உப்பும். நைட்ரைல் ரப்பரோ பி.யூ. எனும் பாலியூரித்தேனோ தாங்கும்.

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து வீங்கிய கால்தான் உங்கள் உண்மையான அளவு. சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். விரல் முனைக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும்.

கே: மலிவாகக் கிடைத்த ஷூவை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தேன். ரொம்ப நாள் கழித்து எடுத்துப் போட்டால் அடி மாவாக உதிர்கிறது!
(டிரைவர், கரூர்)

ப: பத்திரமாக வைத்ததுதான் வினை. பி.யூ. அடி காற்றிலுள்ள ஈரத்தால் மெல்லச் சிதையும். போடாமல் வைத்தாலும் சிதையும். ஷூவில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள், வாங்கியதும் போடுங்கள்.

கே: மழையில் நனைந்த ஷூவை இன்ஜின் சூட்டில் வைத்தால் சீக்கிரம் காயுமே?
(கிளீனர், திருச்சி)

ப: சீக்கிரம் காயும், சீக்கிரம் வெடிக்கும். சூட்டில் தோல் விறைக்கும், அடியை ஒட்டிய பசை விடும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, காகிதம் ஊறியதும் மாற்றி, நிழலில் காற்றாட வையுங்கள். ஈர சாக்ஸோடு மட்டும் ஓட்டாதீர்கள். சேற்றுப்புண் விரல் இடுக்கில்தான் தொடங்கும்.

கே: வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. இடது காலில் கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.
(இல்லத்தரசி, திருச்செங்கோடு)

ப: பயம் நியாயமானது, தாயே. பழைய லாரிகளில் இன்ஜின் டிரைவருக்கு இடப்பக்கம் இருப்பதால் கிளட்ச் மிதிக்கிற காலில் சூடு அதிகம் படும். சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்வு மங்கும், சுட்டாலும் தெரியாது. கொப்புளத்தை உடைக்காமல் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று சோதிக்கவும் சொல்லுங்கள். உணர்வு மங்கியிருந்தால், வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்ட பிறகே அடுத்த லோடு.

இனி அவர் கேபினுக்குள்ளும் வெறுங்காலோடு இருக்கக் கூடாது. ஷூவை உதறி, உள்ளே கைவிட்டுப் பார்த்துப் போடட்டும். தினமும் இரவு உள்ளங்காலைச் செல்போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் கண்ணுக்குத் தப்பியது உங்கள் கண்ணுக்குத் தப்பாது.

கே: டிரைவருக்கு ஷூ வாங்கித் தருவதும் ஓனர் வேலையா?
(லாரி உரிமையாளர், ஈரோடு)

ப: ஆம். மழைக்கும் குளிருக்கும் டிரைவருக்குச் சீருடையும் மழைக்கோட்டும் தர முதலாளியைக் கட்டாயப்படுத்தி மாநில அரசு விதி செய்யலாம் என்று 1961இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. சட்டம் இருக்கட்டும். உங்கள் லாரியையும் லோடையும் நிறுத்துவது அவர் கால். ஒரு டயர் விலையில் பல ஜோடி வரும். கால் அளவைக் கேட்டு, ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.