முண்டியம்பாக்கத்திலிருந்து மலிவாகக் கோல்ஃப் ஆடப் போவது எப்படி: ஒரு முன்னாய்வு

முண்டியம்பாக்கத்தில் ரயில் நிலையம் உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி உண்டு, சர்க்கரை ஆலை உண்டு. கோல்ஃப் மைதானம் மட்டும் இல்லை. ஊர்க்காரர் எவரும் இதைக் குறையாக நினைக்காததால் ஆய்வுலகமும் கவனிக்காமல் விட்டுவிட்டது.

முதலில் நிலம். பதினெட்டுக் குழி மைதானத்துக்குச் சுமார் 120 ஏக்கர் வேண்டும். நம் பக்கத்துக் கணக்கில் 90 காணி. குழியின் விட்டமோ 108 மில்லிமீட்டர், ஒரு சொம்பின் வாயளவு. பதினெட்டுச் சொம்புக்காக 90 காணிக் கரும்பை அழிப்பதா என்று இங்கே ஒரு விவசாயி கேட்டால், ஸ்காட்லாந்திலேயே பதில் கிடையாது.

ஆகவே சென்னைக்குத்தான் போக வேண்டும். சுமார் 150 கிலோமீட்டர். காரில் போனால் விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று டோல்கேட். பந்தைத் தொடுமுன்பே சிக்கனம் செத்துவிடும். பாசஞ்சர் ரயிலில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் சைதாப்பேட்டை என்பதே ஆய்வாளரின் பரிந்துரை. விதிப்படி பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பையைப் பெட்டியில் ஏற்றியதும் எதிர் சீட்டுக்காரர், “இன்னாண்ணே, போர்வெல் ராடா?” என்று கேட்பார். “ஆமாம்” என்பதே உத்தமம். உண்மையைச் சொன்னால் மேல்மருவத்தூர் வரை விளக்க வேண்டும். அதற்குள் எத்தனை அடியில் தண்ணீர் என்ற பேச்சே சுவையாகப் போயிருக்கும்.

சென்னையில் எங்கே ஆடுவது? கிண்டி ரேஸ் கோர்ஸின் நடுவே ஜிம்கானா கிளப்பார் நூறாண்டுக்கும் மேலாக ஆடிவந்தார்கள். 2024 செப்டம்பரில் ரேஸ் கிளப்பின் குத்தகையை அரசு ரத்து செய்து சீல் வைத்தது. பிறகு அங்கே மழைநீருக்குக் குளம் வெட்டினார்கள். கோல்ஃப் மைதானத்தில் குளம் இருப்பது ஆட்ட நுட்பம்தான். குளம் மட்டும் இருப்பது வேறு. அடுத்தது நந்தனத்தில் காஸ்மாபாலிடன் கிளப்பின் மைதானம். பொதுவாகக் கிளப் வாசல் எதிலும் முதல் கேள்வி கட்டணம் பற்றியது அல்ல, “எந்த மெம்பரோட கெஸ்ட் சார்?” என்பதுதான். சிபாரிசே பதினைந்தாவது மட்டை. விதிப்புத்தகம் அதை எண்ணுவதில்லை. அது இல்லாமல் மற்ற பதினாலும் போர்வெல் ராடுதான்.

இந்நிலையில் உள்ளூர்த் தீர்வைத் தேடுவதே அறிவுடைமை. வெப்ப நாடுகளில் புல்லுக்குத் தண்ணீர் விட்டு மாளாமல், குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி ஆடியிருக்கிறார்கள். உகாண்டாவின் ஜிஞ்சாவில் நீர்யானைக் காலடித் தடத்தில் பந்து விழுந்தால் தண்டனையின்றி எடுத்து வைக்கலாம் என்று விதி உண்டு. 1879இல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் மைதானத்துக்குள் களனிப் பள்ளத்தாக்கு ரயிலே ஓடுகிறது.

பங்குனியில் வற்றிய ஏரிக்கு இம்மூன்றும் பொருந்தும். மணல் உண்டு, நீர்யானைக்குப் பதில் எருமை. வைகை எக்ஸ்பிரஸ் கடக்கும்போது ஆட்டத்தை நிறுத்திக் கையாட்டலாம். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடம்தான் அனுமதி. வேலிகாத்தான் புதருக்குள் போனதற்கு அதுவே அதிகம்.

ஒரே சிக்கல் கொடி. குழிக்குக் குழி கம்பு நட்டுக் கொடி கட்டியாக வேண்டும். 2024 அக்டோபர் 27 அன்று பக்கத்து வி.சாலையில் தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநாடு நடந்ததிலிருந்து, வெட்டவெளியில் இரண்டு கொடி தெரிந்தாலே பார்க்கிங் எங்கே என்று கேட்பார்கள். போதாக்குறைக்கு, பொது இடக் கொடிக்கம்பங்களை அகற்ற 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கோல்ஃப் கம்பு அதில் சேருமா என்பதை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடலாம். நிறத்தை மட்டும் ஆய்வாளரே முடிவு செய்தாக வேண்டியிருந்தது. சிவப்பு, கறுப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கட்டம் போட்ட லுங்கித் துணியை மட்டும் இன்னும் யாரும் கோரவில்லை. ஒன்றைக் கிழித்தால் பதினெட்டும் தேறும்.