அதே கீறல், அதே மேசைவிரிப்பு

1995-இல் ஈபே ஏலத்தளம் தொடங்கியபோது முதலில் விலைபோனது ஓர் உடைந்த லேசர் பாயின்டர், 14.83 டாலர். வெள்ளந்திக் காலம்.

இப்போது ஒருவர் தன் பழைய கேமராவைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாடுபட்டுப் படமெடுத்து ஏலத்தில் போடுகிறார். மறுநாள் அதே கேமரா, அதே கீறல், அதே பூப்போட்ட மேசைவிரிப்பு வேறோர் ஊரிலிருந்தும் ஏலத்துக்கு வருகிறது, 10 டாலர் குறைவாக. (மேசைவிரிப்பும் சேர்த்தா என்று கேட்கத் தோன்றும்.) படத்தின் மூலையில் இருந்த பெயரை மட்டும் காணோம். சொம்பைத் திருடினால் பேர் வெட்டியிருப்பதைத் தேய்த்துவிடுவதுதானே தொழில் சுத்தம்!

அமெரிக்கச் சட்டப்படி க்ளிக்கிய கணமே பதிப்புரிமை படமெடுத்தவருக்கு. அங்கே வழக்குப் போடத்தான் பதிவு வேண்டும். ஈபேயிடம் முறையிட ‘வீரோ’ என்றொரு திட்டமும் உண்டு. அவர் படிவத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் ஏலம் முடிந்து, பொட்டலமும் போய்ச் சேர்ந்திருக்கும். வாங்கியவர் பிரித்துப் பார்க்கிறார்: கீறல் வேறு இடத்தில்.