டப்பா, டிபன், எவர்சில்வர், மூடியுடன் – 1

மிலிட்டரிக்காரர் பிள்ளையாகப் பிறந்தவன் பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். "உங்கப்பா எத்தனை பேரைச் சுட்டிருக்காருடா?"

வேறு ஊராக இருந்தால் வாய்க்கு வந்ததை அளந்துவிடலாம். ஆவடியில் அது நடக்காது. பக்கத்து பெஞ்சுக்காரனின் அப்பா டேங்க் ஃபேக்டரியில் வேலை செய்தார். முதல் விஜயந்தா 1965-ல் வெளியே வந்த கதையை அவன் தன் தம்பி பிறந்த கதை மாதிரி சொல்லுவான். முன்பெஞ்சுக்காரனின் அப்பா ஆர்ட்னன்ஸ் க்ளோத்திங் ஃபேக்டரியில் ராணுவத்துக்கே சட்டை தைப்பவர். என் அப்பாவின் சட்டையைப் பார்த்து, காஜா சரியாக அடித்திருக்கிறதா என்று சோதித்தவன் அவன். இவர்களிடம் புளுகிவிட்டு மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியுமா?

உண்மை என்னவென்றால், அப்பா யாரையும் சுடவில்லை. எண்ணினார். ஆர்மி ஆர்ட்னன்ஸ் கோரில் ஸ்டோர்கீப்பர். செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து, வடக்கே நாலைந்து ஊர் சுற்றி, எண்பதுகளில் ஆவடி ஆர்ட்னன்ஸ் டிப்போவுக்கு வந்து சேர்ந்தார். நட்டு, போல்ட்டு, வாஷர், தார்ப்பாய், எனாமல் குவளை எல்லாம் அவர் கணக்கில். பகலெல்லாம் எண்ணிவிட்டு, பட்டாபிராம் வாடகை வீட்டுக்கு வந்து மிச்சத்தை எண்ணுவார்.

ஆவடி என்ற பெயரே 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்டு அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம் என்று அப்பா சத்தியம் செய்வார். ஊரில் பாதிப் பேர் இன்னும் செய்கிறார்கள். 1955-ல் இங்கே காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டபோது டேங்க் ஃபேக்டரிக்கு அஸ்திவாரம்கூடக் கிடையாது. பெயருக்குப் பின்னால் விரிவைத் தைத்தவர் யாரோ என் அப்பா மாதிரி ஒருவர்தான் என்பது என் கட்சி. அவர் இருக்கும்போது இதைச் சொன்னதில்லை.

வீட்டுக்கென்று ஒரு லெட்ஜர் இருந்தது. பழுப்பு அட்டை, காப்பியிங் பென்சில் எழுத்து. ராணுவத்தில் பொருளின் பெயரை முன்னால் போட்டு, குணத்தைப் பின்னால் போடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் 'கரண்டி, தோசை, இரும்பு – 1'. 'குடை, கறுப்பு, கம்பி உடைந்தது – 1'. அம்மாவுக்கும் அந்தப் பாஷை தொற்றிக்கொண்டது. "என்னங்க, தோசை, முறுகல், எத்தனை?" என்று அடுப்படியிலிருந்து கேட்பாள். அப்பா அதைக் கிண்டல் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

புதிதாக எதுவும் எளிதில் வாங்கிவிட முடியாது. பழையதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதற்கு இரண்டு தீர்ப்பு உண்டு: பி.எல்.ஆர்., அதாவது உள்ளூரில் பழுது பார்க்க முடியாதது, பி.இ.ஆர்., பழுது பார்த்தால் கட்டுப்படி ஆகாதது. என் செருப்பு மூன்று முறை பி.எல்.ஆர். ஆகி அம்பத்தூர் வரைக்கும் தையலுக்குப் போய் வந்தது. பாட்டியின் முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போகலாமா என்று பேச்சு வந்தபோது, பாட்டி முந்திக்கொண்டாள்: "என்னை எதுல எழுதப்போறேன்னு மொதல்ல சொல்லிடுடா."

கணக்கில் வராத ஒரே பொருள் ரம். மாதம் பிறந்தால் மிலிட்டரி கேன்டீன் கோட்டா. கோட்டா வந்தால் அம்பத்தூர் பெரியப்பா. அம்பத்தூரிலேயே டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலஸ் சைக்கிளில் வருவார், ஹெர்குலஸ் ரம்மோடு திரும்புவார். அப்பா குடிக்காதவர். இருந்தும் ராணுவத்தில் சேர்ந்ததற்காக உறவுக்காரர்கள் அவரை மனதார வாழ்த்தியது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

இப்படிப்பட்ட வீட்டில், ஐந்தாம் வகுப்பில், நான் டிபன் டப்பா மூடியைத் தொலைத்தேன்.

பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வண்டியில் விட்டிருப்பேன் என்று எனக்கு நினைப்பு. பெயர்தான் மிலிட்டரி, உள்ளே கீரைக்கூடையும் தயிர்ப்பானையும். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஆனால் அது மாதக் கடைசி. ஸ்டாக் டேக்கிங்.

அன்றிரவே கோர்ட் ஆஃப் என்கொயரி உட்கார்ந்தது. தலைமை அப்பா. உறுப்பினர்கள் அம்மாவும் பாட்டியும். நான் கையைக் கட்டிக்கொண்டு, "நான்தான்பா குற்றவாளி" என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "என்கொயரியில குற்றவாளின்னு யாரும் கிடையாதுடா. நீ சாட்சி, நம்பர் ஒண்ணு." அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. கடைசியாக மூடியைப் பார்த்த இடம், நேரம், உள்ளே இருந்த பதார்த்தம் எல்லாம் பதிவாயின. "எலுமிச்சஞ்சாதம்" என்றேன். "சாதம், எலுமிச்சை" என்று எழுதிக்கொண்டார். பாட்டி தூங்கிவிட்டதால் 'உறுப்பினர் உடன்படுகிறார்' என்று சேர்த்துக்கொண்டார்.

தீர்ப்பு: கவனக்குறைவு. காணும் பொங்கலுக்கு எனக்கு வந்த காசிலிருந்து மூன்று ரூபாய் பிடித்தம். லெட்ஜரில் 'மூடியுடன்' என்பதைச் சிவப்பு மையில் அடித்து, 'ரைட் ஆஃப்' என்று எழுதி, சுருக்கக் கையெழுத்தும் போட்டார். என்னையும் போடச் சொன்னார். என் வாழ்க்கையின் முதல் கையெழுத்து அதுதான்.

சித்திரை மாதம் மூடி கிடைத்தது. பரணில், பாட்டியின் உப்பு நாரத்தங்காய் ஜாடியை மூடிக்கொண்டு, ஓரமெல்லாம் உப்புப் பூத்து உட்கார்ந்திருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு கொடி பிடித்தவன் மாதிரி ஓடிவந்தேன். அப்பாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

ஸ்டோர் வேலையில் பொருள் குறைந்தால் திட்டோடு போகும். கூடினால்தான் ஆபத்து என்று பிறகு அம்மா விளக்கினாள். ஒன்று கூடுதலாக இருந்தால் பழைய கணக்கு அத்தனையும் பொய் என்றாகிவிடுமாம். சிவப்பு மையில் செத்துப்போன மூடி உயிரோடு வந்தால் அதை எந்தப் பத்தியில் ஏற்றுவது?

அப்பா அன்று சாப்பாட்டில் பேசவில்லை. விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் போனார். நடைப்பயிற்சிக்கு என்றார். சைக்கிளில் என்ன நடைப்பயிற்சி என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. நாரத்தங்காய் ஜாடியின் மேல் ஒரு தட்டு கவிழ்த்திருந்தது.

"அப்பா, என் மூணு ரூபாய்?"

"எதுக்கு?"

"மூடிதான் கெடைச்சிடுச்சே."

"எந்த மூடி?" என்றார் அப்பா.