சாரம் கட்டிய வள்ளுவர்

எந்தத் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். வாழ்நாளில் உருப்படியாக ஒரு டூர், அதில் உருப்படியாக ஒரு போட்டோ. அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டிவிடுவார். எங்கள் தெருக்காரர் ஓய்வுபெற்ற கணக்கர். சோபாவை அவர் போட்டிருக்கும் கோணமே அலாதி. எங்கே உட்கார்ந்தாலும் படம் எதிரே நிற்கும். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவர்கள்கூட, காபி வரும்வரை கன்னியாகுமரியில் நின்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

படம் 1999 பொங்கல் லீவில் எடுத்தது. உதயசூரியனை உள்ளங்கையில் ஏந்துவதாக ஏற்பாடு. "கையை இன்னும் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றிருக்கிறார் கடற்கரைப் போட்டோக்காரர். சார் தூக்குவதற்குள் அவர் அமுக்கிவிட்டார். சூரியன் முழங்கையில் உட்கார்ந்துவிட்டது. பிலிம் காலம், கழுவிப் பார்த்தால்தானே தெரியும்? பணத்தையும் விலாசத்தையும் வாங்கிக்கொண்ட அந்த ஆள் சொன்னபடி தபாலில் அனுப்பிவிட்டார். "நாணயஸ்தன் தம்பி" என்பார் நம்மவர். முழங்கையைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்.

அவருடைய பெருமையெல்லாம் பின்னால் இருக்கிறது. இடப்பக்கம் 1970இல் திறந்த விவேகானந்தர் மண்டபம். அதற்குப் பக்கத்துப் பாறையில் கம்பும் கயிறுமாக ஒரு பெரிய கூண்டு.

"இது என்ன சொல்லுங்க?"

தெரிந்தாலும் தெரியாது என்று சொல்லிவிடுவது உத்தமம்.

"வள்ளுவர்! 133 அடி. பீடம் 38, சிலை 95. 2000 ஜனவரி ஒண்ணாம் தேதிதான் திறந்தாங்க. நான் அதுக்கு முந்தின வருஷமே போயிட்டேன். சிலையோட படம் எடுத்தவன் ஊர்ல ஆயிரம் பேர் இருப்பான். சாரத்தோட எவன்கிட்ட இருக்கு?"

அடுக்களையிலிருந்து குரல் வரும்: "ஏங்க, சிலை முடிஞ்சப்புறம் போலாம்னு நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேனே, அதையும் சொல்லுங்க."

அது அவர் காதில் விழாது.

மகன் போனில் பல்லாயிரம் படங்கள் வைத்திருக்கிறான். மணாலி எது, மூணாறு எது என்று கேட்டால் தள்ளிக்கொண்டே போகிறான். அப்பாவோ அந்த ஒரே படத்தில், ஓரத்தில் பாதி உடம்போடு நிற்கும் சங்குமணிக்காரன் என்ன விலை சொன்னான், எவ்வளவுக்குக் கொடுத்தான் என்பதுவரை ஒப்பிப்பார். என் ஓட்டு அப்பாவுக்குத்தான். ஆனால் மூன்றாம் முறை கேட்கும்போது ஓட்டு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

அவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2024 டிசம்பரில் மண்டபத்துக்கும் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்தார்களே, அந்தப் பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பாலம் கட்டும்போதே போயிருக்கலாமே என்று மனிதர் நொந்துபோயிருக்கிறார்.