மாடி அறை கூட்ஸ் டிரைவர்

வந்தே பாரத் ஆம்பூரைக் கடக்கும்போது பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் எல்லாம் கைபேசியை உயர்த்துவார்கள். ஒருவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டியபடி, லூப் லைனில் தூசி படிந்து நிற்கும் கூட்ஸ் வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். அதிலும் வண்டியை அல்ல, வண்டியின் அடிவயிற்றை. சிலிண்டர், கம்பி, குழாய், சக்கரத்தை ஒட்டியிருக்கும் பிரேக் கட்டை. போலீஸ்காரர் வந்து, "இன்னா சார், எதுக்கு இதையெல்லாம் எடுக்குறீங்க?" என்று கேட்டால், "ரெஃபரன்ஸுக்கு" என்பார். எதற்கான ரெஃபரன்ஸ் என்று விளக்க ஆரம்பித்தால் போலீஸ்காரரே போய்விடுவார்.

இந்த இனத்தைத் தோல் தொழில் ஊர்கள் முழுக்கக் காணலாம். காட்பாடியில் இருந்தால் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருப்பார். வேலூரில் என்றால் ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை. ராணிப்பேட்டையில் டேனரிக் கணக்கு. ஆம்பூரில் பெரும்பாலும் ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. இடது கால் தோலுக்கும் வலது கால் தோலுக்கும் நிறத்தில் இம்மி வித்தியாசம் இருந்தால் ஜோடியையே ஒதுக்குகிறவர். தையல் ஒரு கண்ணி விலகினால் அந்த மேசையே அன்று பகல் சாப்பாட்டுக்குத் தாமதமாகத்தான் போகும். ஜெர்மனிக்காரன் வாங்கிப் போட்டுக்கொண்டு நடக்கப்போகும் ஷூவுக்கே இவ்வளவு பார்க்கிறவர், தானே ஓட்டும் ரயிலுக்கு எவ்வளவு பார்ப்பார்!

ரயில் எங்கே என்கிறீர்களா? மாடி அறையில், கம்ப்யூட்டருக்குள். 2001-இல் மைக்ரோசாஃப்ட் 'ட்ரெயின் சிமுலேட்டர்' என்று ஒன்றை வெளியிட்டது. ஆஸ்திரிய மலை, ஜப்பான் நகரம், இங்கிலாந்துப் பள்ளத்தாக்கு, அமெரிக்கச் சரக்குப் பாதை எல்லாம் அதில் உண்டு. இந்தியா இல்லை. பிறகு அதே கோப்புகளை ஓட்டும் 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற இலவச மென்பொருள் வந்தது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தங்கள் ஊர் எஞ்சினையும் பெட்டியையும் தாங்களே செய்து அதில் ஏற்றினார்கள். நம்மவரும் சும்மா இருக்கவில்லை. காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை பாதையை வரைந்தார். குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம், ஆம்பூர், விண்ணமங்கலம், வாணியம்பாடி, கேத்தாண்டப்பட்டி என்று ஸ்டேஷன்களை அடுக்கினார். பக்கத்தில் பாலாற்றையும் போட்டார். அதில் தண்ணீர் போடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவருடைய உலகத்தை நிஜத்திலிருந்து பிரித்துச் சொல்லவே முடியாது.

தகராறு வந்தது சரக்கு வண்டியில்தான். டபிள்யூஏஜி-9 எஞ்சின், பின்னால் 58 'பாக்ஸ்என்' வேகன்கள். ஒவ்வொன்றும் நிலக்கரியோடு 81 டன். மொத்தம் 4,700 டன் சொச்சம், 600 மீட்டருக்கு மேல் நீளம். ஜோலார்பேட்டையில் கிளம்பி, இறக்கத்தில் 75 கிலோமீட்டர் வேகத்தில் ஆம்பூருக்குள் வந்து பிரேக் போட்டார். கைகாட்டிய இடத்தில் ஷேர் ஆட்டோ நிற்பதுபோல வண்டி சட்டென்று நின்றது.

வேறு யாராக இருந்தாலும், "அட, சூப்பரா நிக்குதே!" என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். நம்மவருக்கு அன்று தூக்கம் போயிற்று.

"இது ரிஜெக்ட்" என்றார். யாரிடம் சொன்னார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர் ரயில் ஓட்டுவதை விட்டுவிட்டு ரயிலை நிறுத்துவதில் இறங்கிவிட்டார். பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வார். கல்யாணப் பந்தியில் பிரியாணிக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவே சொல்வார். "பாருங்க, எல்லாரும் நினைக்கிறது தப்பு. காத்து கொடுத்தா பிரேக் பிடிக்காது, விடும். காத்தை எடுத்தாத்தான் பிடிக்கும். எஞ்சின்லேர்ந்து கடைசி வண்டி வரைக்கும் ஒரே குழாய். அதுல 5 கிலோ பிரஷர். அதை டிரைவர் கொஞ்சம் குறைச்சா, ஒவ்வொரு வேகன்லயும் இருக்கிற வால்வு அதைக் கண்டுபிடிச்சு, தன் டாங்குல சேத்து வச்ச காத்தை சிலிண்டருக்கு அனுப்பும். குழாய் அறுந்தாலும் வண்டி தானா நின்னுடும். வெஸ்டிங்ஹவுஸ்னு ஒரு அமெரிக்கக்காரர் 1872-லயே கண்டுபிடிச்சுட்டாரு!"

பக்கத்து இலைக்காரர் எழுந்துபோய் வெகுநேரம் ஆகியிருக்கும். மனைவி மட்டும் சொல்வார்: "நம்ம வீட்டுலயும் அதே சிஸ்டம்தாங்க. பைசா குறைஞ்சாத்தான் எல்லாம் நிக்குது."

நோய் எங்கே என்று அவர் தேடிய விதம் ஷூ கம்பெனி விதம். ஒன்றை மட்டும் மாற்றுவது, ஓட்டிப் பார்ப்பது, நோட்டில் எழுதுவது. முதல் குற்றவாளி பிரேக் விசை. வேகனைச் செய்த புண்ணியவான், பயணிகள் பெட்டியின் கோப்பிலிருந்து அந்த எண்ணை அப்படியே நகல் எடுத்து ஒட்டியிருந்தார். நம்மவர் அதை அழித்துச் சரியான எண்ணை இட்டார். எண்ணுக்குப் பின்னால் 'கிலோ நியூட்டன்' என்று அலகு போட மறந்தார். அலகு இல்லாவிட்டால் மென்பொருள் அதை வெறும் நியூட்டனாக எடுத்துக்கொள்ளும். ஆயிரத்தில் ஒரு பங்கு. அன்றைக்கு 4,700 டன் வண்டி ஆம்பூரைக் கடந்து, குடியாத்தத்தைக் கடந்து, காட்பாடியையும் கடந்து, அவர் பாதை வரைந்து முடித்த இடத்துக்கு அப்பால் வெறும் பச்சை வெளியில் போய் விழுந்தது. 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் பிரிந்தபின், பிரேக் போட்டது ஒரு மாவட்டம், விழுந்தது இன்னொரு மாவட்டம் என்ற கணக்கில் அது சேர்ந்தது.

இரண்டாவது, அமெரிக்க வாடை. அங்கே சரக்கு வண்டிக் குழாயில் 90 பிஎஸ்ஐ வைப்பார்கள். நம் 5 கிலோ என்பது 71 பிஎஸ்ஐ. எஞ்சின் ஒரு நாட்டுக் கணக்கிலும் வேகன் இன்னொரு நாட்டுக் கணக்கிலும் இருந்தால் பிரேக்கை எவ்வளவு தொட்டால் எவ்வளவு பிடிக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதோடு, அமெரிக்க வேகனில் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்த முயன்றால் முழுதாக விட்டுவிடும். நம் ஊர் வேகனில் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு. அதில் படிப்படியாகத் தளர்த்தலாம். மென்பொருளின் அமைப்பில் இதற்கென்றே ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. அதில் ஒரு டிக் போடவேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்த இரவு அவர் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்துக் கட்டையோடு மாடி ஏறி வந்தார். வந்தவரை உட்காரவைத்து டிஸ்ட்ரிபியூட்டர் வால்வை விளக்கினார் நம்மவர். நிஜத் திருடன் வந்தாலும் இனி அவர் ஏறமாட்டார்.

மூன்றாவதுதான் முக்கியம்: நேரம். பயணிகள் பெட்டியில் பிரேக் சிலிண்டர் 3 முதல் 5 விநாடியில் நிரம்பிவிடும். சரக்கு வேகனில் 18 முதல் 30 விநாடி. விடுவதற்கு 45 முதல் 60 விநாடி. இந்தத் தாமதம் கோளாறு அல்ல, வேண்டுமென்றே வைத்தது. முன் வேகன்கள் சட்டென்று பிடித்து, காற்றுச் செய்தி இன்னும் போய்ச் சேராத பின் வேகன்கள் வந்து மோதினால் கப்ளிங் என்ன ஆகும்? ஆகவே எல்லாருக்கும் செய்தி போகட்டும், நிதானமாகப் பிடிக்கலாம் என்று ஏற்பாடு. 75 கிலோமீட்டர் வேகத்தில் 20 விநாடி என்றால் 400 மீட்டருக்கு மேல். பிரேக் முழுசாகப் பிடிப்பதற்குள்ளேயே வண்டி அவ்வளவு தூரம் போய்விடும். நிற்பது அதற்குப் பிறகு.

நான்காவது, காலி வேகன். நிலக்கரியை இறக்கிவிட்டால் பாக்ஸ்என் வேகனின் எடை ஏறக்குறைய 22 டன்தான். 81 டன்னுக்குரிய விசையை அதன்மேல் போட்டால் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் வழுக்கித் தேயும். அதனால்தான் நிஜ வேகனில் 'எம்ப்டி', 'லோடு' என்று மாற்றிவைக்க ஒரு கைப்பிடி இருக்கிறது. புதிய வேகன்களில் எடையைத் தானே அறியும் கருவி. நம்மவர் காலி வேகனுக்கென்று தனிக் கோப்பே எழுதினார். பிளாட்பாரத்தில் வேகனின் அடிவயிற்றைப் படம் எடுத்தது அந்தக் கைப்பிடிக்காகத்தான். போலீஸ்காரர் கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால் தெரிந்துகொண்டிருப்பார்.

எல்லாம் சரியாயிற்று. அதாவது, இனி விளையாடவே முடியாது என்ற அளவுக்குச் சரியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஆசையாக வந்து மடியில் உட்காருவாள். "அப்பா, ரயில் எப்ப கிளம்பும்?"

"பிரஷர் ஏறட்டும்மா. 58 வேகனுக்கும் காத்து ரொம்பணும்."

"இப்ப?"

"4.2 தான் வந்திருக்கு."

குழந்தை தூங்கிவிடும். வண்டி கிளம்பும். ஆம்பூரில் நிற்கவேண்டியது பச்சகுப்பத்தில் போய் நிற்கும். இவர் முகத்தில் அத்தனை ஆனந்தம். "பாத்தியா, நிக்கல! கரெக்டா நிக்கல!"

ஜோலார்பேட்டையில் ரிட்டயரான கூட்ஸ் டிரைவர் ஒருவரை ஒருநாள் மாடிக்கு அழைத்துவந்தார். வாக்குவம் பிரேக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏர் பிரேக் காலத்தில் ஓய்வு பெற்றவர். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். சிக்னலைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"நல்லாப் பண்ணியிருக்க தம்பி. கார்டு எங்க?"

"கார்டா?"

"கடைசி பிரேக்வேன்ல பிரஷர் எவ்வளவுன்னு யாரு சொல்றது? நீ முன்னாடி 5 வச்சுக்கினு உக்காந்திருக்க. வழியில எங்கயாவது ஆங்கிள் காக் மூடிக் கிடந்தா? அதுக்கு அப்பால இருக்கிற வண்டி ஒண்ணுகூடப் பிடிக்காதே."

நம்மவர் வெலவெலத்துப்போனார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வாணியம்பாடி தாண்டி, விண்ணமங்கலம் நெருங்கும்போதே பிரேக்கை லேசாகத் தொட்டார். கையை எடுத்துவிட்டார். திரையில் ஓடும் எண்களை அவர் பார்க்கவே இல்லை. "டீ இருக்காம்மா?" என்றார். டீ வந்தது. குடித்தார். இன்னும் கொஞ்சம் தொட்டார். வண்டி ஆம்பூரில், நிற்கவேண்டிய இடத்தில் நின்றது.

"எப்படி சார்?"

"நீ சிக்னலைப் பாத்துப் போடுற. நாங்க ஊரைப் பாத்துப் போடுவோம்."

அன்று முதல் வீட்டில் கார்டும் வந்தாயிற்று. ரயில்வே 2022-இல் 'கார்டு' பதவியை 'ட்ரெயின் மேனேஜர்' என்று மாற்றிவிட்டபடியால் மனைவிக்கு அந்தப் பட்டமே கிடைத்தது. திரையின் ஓரத்தில் கடைசி வண்டியின் பிரஷரைப் படித்துச் சொல்லவேண்டியது அவர் பொறுப்பு. அவர் சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவார்: "4.8 இருக்குங்க, சாப்பிட வாங்க." பார்க்காமலே சொல்கிறார் என்பது நம்மவருக்கு இன்னும் தெரியாது.

இவரைப் பைத்தியம் என்று ஊர் சொல்கிறது. ஆம்பூர் ஷூ பெரும்பாலும் கண்டெய்னர் லாரியில் சென்னைத் துறைமுகத்துக்குப் போகிறது. நம் சோற்றுக்கும் அந்த கூட்ஸ் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறது. கேட்டுவிட்டு, ஷிஃப்ட் சங்கு ஊதும் நேரத்தில் டிபன் பாக்ஸோடு தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறது. "கூட்ஸ்தானே, மெதுவாத்தானே வருது. நம்மளப் பாத்தா நிறுத்தமாட்டானா?"

நிறுத்துவான். பிரேக்கும் போடுவான். 58 வேகனிலும் காற்று ஓடி, வால்வு திறந்து, சிலிண்டர் நிரம்பி, கட்டை சக்கரத்தில் பதிந்து, 4,700 டன் நிற்கும்போது எஞ்சின் உங்களைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். இந்த விஷயம் ஊரில் இரண்டு பேருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒருவர் ஜோலார்பேட்டைப் பெரியவர். இன்னொருவர் இந்த மாடி அறை டிரைவர். மணி எத்தனை ஆனாலும், கம்பெனி கேட்டை மூடினாலும், சம்பளத்தில் அரைநாள் போனாலும், கூட்ஸ் முழுசாகக் கடந்துபோகும் வரை அவர் இந்தப் பக்கமே நிற்பார். நீங்களும் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். பிரேக்கைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார். அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.