வடதிருக்காவேரிக்கு அப்பால்

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு வடக்கு என்பது வெகுகாலம் வரை கொள்ளிடத்தோடு முடிந்துவிட்ட சங்கதி. அதையும் கொள்ளிடம் என்று சொல்ல மனசு வராது, வடதிருக்காவேரி என்பார்கள். பாலத்தைத் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட், சமயபுரம், பிறகு மெட்ராஸ். அதற்கு மேலே இருப்பது மொத்தமும் ‘வடக்கே’. “பையன் வடக்கே இருக்கான்” என்று ஒருவர் சொன்னால் அது பிலாயாக இருக்கலாம், பம்பாயாக இருக்கலாம், நெல்லூராகக்கூட இருக்கலாம். யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பெருமாளே மேற்கே தலைவைத்துத் தெற்கே பார்த்துக்கொண்டு வடக்குக்கு முதுகைக் காட்டிச் சயனித்திருக்கிற ஊரில் அதற்குமேல் பூகோளம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

போனவர்கள் இல்லாமலில்லை. ராமானுஜர் இங்கிருந்து காஷ்மீரம் வரை நடந்தே போனார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. போதாயன விருத்தி என்ற நூலைத் தேடிப் போன பயணம். கையில் கிடைத்த சுவடியை வழியிலேயே திருப்பிப் பிடுங்கிக்கொண்டார்களாம். அதற்குள் கூடப் போன கூரத்தாழ்வான் இராத்திரிகளில் கண்விழித்துப் படித்து அத்தனையையும் மனசில் ஏற்றிவைத்திருந்தார். காஷ்மீருக்கு மெமரி கார்டு கொண்டுபோன முதல் ஸ்ரீரங்கத்துக்காரர் அவர்தான். அந்தப் பயணத்தின் விளைச்சல் ஸ்ரீபாஷ்யம். இந்தக் காலத்து காஷ்மீர்ப் பயணங்களின் விளைச்சலைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பெருமாளும் டெல்லி வரை போய்த் திரும்பியதாகக் கோயிலொழுகு சொல்லும். அவரைத் தேடிக்கொண்டு வந்துவிட்ட டெல்லி சுல்தானின் மகளுக்குத் துலுக்க நாச்சியார் என்று கோயிலுக்குள்ளேயே சன்னதி. இன்றைக்கும் அங்கே ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். வடக்கே போய்விட்டு வந்து வீட்டில் சப்பாத்தி கேட்கிற பழக்கத்தை ஸ்ரீரங்கத்தில் தொடங்கிவைத்தது யார் என்று இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

மற்றபடி எங்கள் தெருக்களில் ஆண்பிள்ளைகள் தனியாக வடக்கே புறப்படுவது கல்யாணத்தன்றைக்கு ஒரு தடவைதான். குடை, விசிறி, தடி, கண்ணில் மை, புது வேஷ்டி. பரதேசிக் கோலம் என்பார்கள். வாசலைத் தாண்டி நாலு வீடு போவதற்குள் மாமனார் ஒரு தேங்காயோடு வந்து, என் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் என்று மறித்துவிடுவார். காசி யாத்திரை அவ்வளவுதான். உத்திர வீதி முனையைக்கூடத் தொட்டவர்கள் குறைவு.

நான் அந்தக் கோலத்துக்கு முந்தியே போய்விடுவது என்று 1995இல் முடிவு செய்தேன். கையில் இருந்தது பாலக்கரைப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் வாங்கிய பழைய புல்லட் 350. மணாலியிலிருந்து லே போகிற சாலையில் பொதுமக்களை விட ஆரம்பித்தே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் லே என்று சொன்னால் அது எழுத்தா ஊரா என்று கேட்பார்கள். பாட்டியிடம் மட்டும், பத்ரி பக்கம் போகிறேன் என்றேன். பெரிய வட்டமாகப் போட்டால் எல்லாம் பத்ரி பக்கம்தானே? பதரிகாசிரமம் 108 திவ்யதேசங்களில் ஒன்று, மறுபேச்சு இருக்காது. பாட்டி புளிக்காய்ச்சல் கிண்டித் தந்தாள். “தனியாவா போறே?” என்று கேட்ட ஒரே ஆள் அப்பாதான். ஆமாம் என்றதும், “பெட்ரோல் யார் போடறா?” என்றார்.

புல்லட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இமயமலைக்கென்றே பிறந்த வண்டி என்று இன்று எல்லோரும் உருகுகிறார்களே, அது பிறந்தது கடலோரம், திருவொற்றியூரில். எல்லைக் காவலுக்கு ராணுவம் புல்லட் கேட்க, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து இங்கேயே செய்ய ஆரம்பித்தது. இங்கிலாந்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்; திருவொற்றியூர்க்காரர்கள் கட்டவில்லை. இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்கிறார்கள். இரண்டும் ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கம். காஷ்மீர் போகிறவர்களை அனுப்பிவைக்கிற வேலையை அந்த வட்டாரம் விடுவதாயில்லை.

அந்த நாள் புல்லட்டை ஸ்டார்ட் செய்வது ஒரு அனுஷ்டானம். சாவியைத் திருப்பி, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெள்ள அமுக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தில் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு சின்ன அமுக்கு. லீவரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, உடம்பின் எடை முழுவதையும் போட்டு ஒரே உதை. வரிசை தப்பினால் வண்டி திருப்பி உதைக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்; இரவல் கேட்கிறவர்கள் தானாகவே குறைந்துவிடுவார்கள். கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலேட்டர் கேபிளும் எங்கே அறும் என்று சொல்ல முடியாது என்பதால், ஓடுகிற கேபிளுக்குப் பக்கத்திலேயே ஸ்பேர் கேபிளையும் ஹேண்டில்பாரிலிருந்து கீழே வரை டேப் போட்டு ஒட்டிக் கூடவே ஓட்டிவிட்டார் பாலக்கரை மெக்கானிக். அறுந்தால் இரண்டு முனையை மாட்டினால் போதும். அவர் கொள்ளிடத்துக்கு அப்பால் போனவரில்லை. ஆனால் லடாக் வரை எனக்கு உபயோகப்பட்ட ஒரே அறிவுரை அவருடையது.

நாமக்கல், சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர். அன்று அந்தச் சாலைக்கு ஏழாம் எண். 2010இல்தான் எண்களை மாற்றி 44 ஆக்கினார்கள். வழிநெடுக நான் தனியாகப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு மத்தியப் பிரதேசம் வரை நீடித்தது. சாகருக்கு இந்தப் பக்கம், குண்டும் குழியுமான ஒரு இடத்தில், பின்னால் சாமான் கட்டியிருந்த கேரியர் ஒரு பக்கம் முறிந்து சக்கரத்தில் உரச ஆரம்பித்தது. இறங்கி நின்றால், தூரத்தில் மரத்தடியில் ஒரு லாரி. நெற்றியில் ‘முருகன் துணை’.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி. போர்வெல் போடுகிறவர்கள். ஒரு வண்டியில் ரிக், இன்னொன்றில் கம்ப்ரஸர், பைப்புகள், அரிசி மூட்டை, ஸ்டவ், வெல்டிங் செட். கேரியரைக் கழற்றி வாங்கி, கேட்காமலே வெல்டு வைக்க ஆரம்பித்தார் ஒருவர். பொறி அடங்கியதும் பெரியவர் விசாரித்தார்.

“எங்கீங்க தம்பி போறீங்க?”

“லடாக்குங்க.”

“அங்க என்ன வேலைங்க?”

“வேலை ஒண்ணுமில்லை. சும்மா பார்த்துட்டு வரலாம்னு.”

வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வூட்ல ஏதாச்சும் சண்டைங்களா?” என்றார்.

அவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பல மாசம் ஆகியிருந்தது. ஆந்திரா, விதர்பா, இங்கே, அடுத்து ராஜஸ்தான். எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர், எங்கே பாறை, எங்கே பணம் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில். நான் வரைபடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்த ஊர்களுக்குக் கீழே அவர்கள் நானூறு அடி போய்விட்டு வந்திருந்தார்கள். இதை ஒருவரும் பயணம் என்று சொல்லவில்லை. ‘லைன்ல இருக்கோம்’ என்றார்கள். தக்காளி ரசம் ஊற்றினார்கள். காசு வாங்கவில்லை. புறப்படும்போது பெரியவர் மறுபடியும், “எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம் தம்பி” என்றார்.

மலைகளைப் பற்றி நிறைய எழுதலாம், எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரில் உயரம் என்றால் மலைக்கோட்டை, 83 மீட்டர். அந்தப் பயிற்சியோடு ரோதங் சேற்றில் 13,000 அடி ஏறினேன். டாண்டியில் பெட்ரோல் பங்க்; அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று பலகை. பதினாலாயிரத்துக்கு மேலே காற்று மெலிந்து, பெட்ரோல் கூடிப்போய், பிளக் கரிபிடித்து, புல்லட் என்னைப் போலவே இருமியது. கர்துங் லாவில் 18,380 அடி, உலகத்திலேயே உயரமான மோட்டார் சாலை என்று பலகை. அதன் கீழே நின்று எடுத்த படம் கூடத்தில் வெகுநாள் தொங்கியது. பிற்பாடு ஜிபிஎஸ் வைத்து அளந்து அது 17,582 அடிதான் என்று சொல்லிவிட்டார்கள். எண்ணூறு அடி நான் வீட்டிலேயே உட்கார்ந்து இறங்கினேன்.

அந்தப் பாதையில் என் மனசில் நின்றது பனியல்ல, தார் டிரம். சாலையோரம் விறகு மூட்டி டிரம்மில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கறுப்புப் புகை. முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஜல்லி கொட்டும் ஆண்களும் பெண்களும். ஒரு குழந்தை குடைக்கடியில் தூங்கியது. மூச்சுவிடவே கணக்குப் பார்க்கிற உயரத்தில் மண்வெட்டி. என்னுடைய தென்னூர் இந்தி பிரச்சார சபா இந்தியில் எந்த ஊர் என்று கேட்டேன். தும்கா என்றார்கள். பீகார். அப்போது ஜார்க்கண்ட் பிறந்திருக்கவில்லை. எல்லைச் சாலை நிறுவனத்தின் கூலிக்கு வருஷாவருஷம் கோடையில் வந்து, பனி விழுவதற்குள் திரும்புகிறவர்கள். அவர்கள் போட்ட சாலையில்தான் நான் சாகசம் செய்துகொண்டிருந்தேன்.

கிடைத்த எஸ்.டி.டி. பூத்தில் எல்லாம் வீட்டுக்குப் பேசினேன்; மீட்டர் சிவப்பில் ஓடுவதைப் பார்த்தபடி பேசியதால் “நன்னா இருக்கேன்” தாண்டி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் தெருவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: பத்ரியில் தரிசனம் நன்றாக ஆயிற்றா?

போன வருஷம் என் அக்கா பையன் கிளம்பினான். தனிப் பயணம், சோலோ ரைடு என்று மூன்று மாதம் முன்பே குடும்ப வாட்ஸாப் குழுவில் அறிவிப்பு. வண்டி ஹிமாலயன் 450. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட். முழங்கை, முழங்கால், முதுகு எல்லாவற்றுக்கும் தகடு வைத்த சட்டை. அதில் அரை டஜன் கம்பெனிகளின் பெயர்கள். ஸ்ரீரங்கத்து மே மாச வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ராஜகோபுரத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, வண்டியைப் பார்சல் லாரியில் சண்டிகருக்கு ஏற்றினான். அவன் விமானத்தில் போனான். நான் ரிக் வண்டியைச் சந்தித்த இடத்துக்கு மேலே எங்கோ அவன் சாண்ட்விச் சாப்பிட்டிருப்பான். வெயிலில் தனியாக, நெடுந்தூரம் சாலையில் போனது அந்த லாரி டிரைவர்தான்.

அதற்குப் பின்னாலும் தனிமைக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்பது எங்கள் எல்லோருடைய போனிலும் ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்தது. புள்ளி பத்து நிமிஷம் நின்றால் அக்கா போன் செய்வாள். எனக்கு ஒரு பகல் பிடித்த ரோதங்குக்குக் கீழே இப்போது அடல் சுரங்கம். 2020 அக்டோபரில் திறந்தது, 9 கிலோமீட்டர். புள்ளி அதற்குள் மறைந்த பத்து நிமிஷத்தில் அக்கா ரங்கநாதருக்கு ஒரு வேண்டுதல் செய்துகொண்டாள். பாங்காங் ஏரிக்கரையில் ‘3 இடியட்ஸ்’ படத்தில் வந்தது மாதிரி மஞ்சள் ஸ்கூட்டர்களை வாடகைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் இரண்டரை இலட்ச ரூபாய்க்கு மேலே உள்ள சொந்த வண்டியில் போனவன், ஓடாத ஸ்கூட்டரில் உட்கார்ந்து படம் எடுக்கக் காசு கொடுத்தான். 19,024 அடி உம்லிங் லாவையும் தொட்டுவிட்டான். அது 2021இல்தான் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. இன்னும் யாரும் குறைத்து அளக்கவில்லை.

கஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். லேயில் மூன்று நாள் தலைவலியோடு படுத்திருந்தான். பதினோராயிரத்து ஐந்நூறு அடிக்கு ஆப் எதுவும் கிடையாது. அவனுடைய ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாமல் நீலப் புள்ளி கொஞ்ச நேரம் செத்துப்போனதே அந்தப் பயணத்தில் அவனுக்குக் கிடைத்த உண்மையான தனிமை. அதைப் பற்றி மட்டும் அவன் ரீல் போடவில்லை.

ஹேண்டில்பாரில் கட்டிவந்த திபெத்தியப் பிரார்த்தனைக் கொடியைக் கழற்றாமல்தான் இப்போதும் காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிறான். போன மாதம் அந்தச் சட்டையோடும் கொடியோடும் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு கடையில் இருவரும் காபி குடித்தோம். வண்டியின் பக்கவாட்டில் பயணத்துக்கு மாட்டிய அலுமினியப் பெட்டிகள் இன்னும் இருந்தன. காபி கொண்டுவந்த பையனுக்கு இருபது வயசு இருக்கும். தமிழ் சரளம், என் இந்தியைவிட எவ்வளவோ மேல். ஊர் கேட்டேன். ஜார்க்கண்ட், தும்கா என்றான். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே வந்து இறங்கியவன். எனக்குக் கொஞ்சம் பரபரப்பாகி, உங்கள் ஊர்க்காரர்கள் லடாக்கில் ரோடு போடுவார்களே என்றேன்.

“அப்பா போவாரு சார். இப்பவும் அங்கதான்.”

“இவன் அந்த ரோட்டுலதான் போயிட்டு வந்திருக்கான்.”

பையன் மருமானை மேலும் கீழும் பார்த்தான். சட்டையிலிருந்த கம்பெனிப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தான். வாசலில் நின்ற வண்டியை, அதன் பெட்டிகளை எட்டிப் பார்த்தான்.

“டெலிவரியா சார்? அவ்வளவு தூரமா?”

“இல்லடா, சும்மா…”

“ஆள் எடுக்கறாங்களா சார்? பெட்ரோல் கம்பெனியே போட்டுருமா?”

“நாமதான் போட்டுக்கணும்” என்றான் மருமான்.

“அப்ப வேணாம் சார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த மேஜையைத் துடைக்கப் போனான் பையன்.