சாமியார் ஆகாமல் பி.எஸ்.சி. படிப்பது எப்படி?

எங்கட பக்கத்தில் உயர்தரத்தில் மெட்ஸ் படித்த பிள்ளைக்கு இரண்டே வழி. ஒன்று, "இஞ்சினியர்." மற்றது, "அப்ப இஞ்சினியரிங் கிடைக்கல்லியா?" இந்த இரண்டாவதற்குத்தான் விஞ்ஞானமாணி என்று பட்டம் கொடுக்கிறார்கள். நான் அந்த வழியால் வந்தவன். அதனால் உறவுக்குள் எந்தப் பிள்ளைக்குப் பெறுபேறு வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நடுவீட்டுக் கதிரையில் இருத்துவார்கள். ஆலோசனை கேட்க இல்லை, பிள்ளைக்குக் காட்ட.

இந்த முறை அக்காவின் மகன். பெடியனுக்குப் பௌதிகத்தில் ஆசை. இசட் புள்ளியோ வேலியில் ஏறி நிற்கிறது. எந்தப் பக்கமும் விழலாம். வெட்டுப்புள்ளி எவ்வளவு என்று சொல்லுமுன்பே எது முதல் விருப்பம், எது அடுத்தது என்று வரிசை போட்டு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் இதில் விசேசம். ஆகவே குடும்பமே போன வருசத்துப் புள்ளிகளை விரித்து வைத்துச் சாத்திரம் பார்க்கிறது. பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கு 40 இடம் முழு நாட்டுக்கும் திறமைப்படி, 55 மாவட்டங்களுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு அந்தக் கடைசிப் பட்டியலில் உண்டு. பின்தங்கியதை நினைத்து நாங்கள் சந்தோசப்படுவது வருசத்தில் இந்தக் கிழமைதான்.

அக்காவுக்கு மனம் இரண்டாகக் கிடந்தது. எங்கட வந்தாறுமூலைக் கம்பஸ் 1981இல் தொடங்கும்போதே விஞ்ஞானமும் விவசாயமும் இருந்தன. பொறியியல் படிக்க ஒலுவில், கிளிநொச்சி, பேராதனை, மொறட்டுவை என்று ஊர்விட்டுத்தான் போகவேண்டும். "வந்தாறுமூலை என்டா வீட்டுச் சோறு தின்டு படிப்பான்" என்பாள். அடுத்த மூச்சில், "கலியாணம் பேசக்க என்னெண்டு சொல்ற?" என்பாள். எங்கட வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். பெண்ணைப் பெற்றவர் இஞ்சினியரைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. எலெக்ட்ரிக்கலோ கம்பியூட்டரோ, கொங்கிரீட் போடுகிற அன்றைக்குச் சம்பளமில்லாமல் வெயிலில் நிற்க ஒரு ஆள்.

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "காரைதீவு மயில்வாகனம் 1920இல் லண்டன் பி.எஸ்.சி. எடுத்தவர். பழைய யாழ்களின் சுருதியைக் கணக்குப் போட்டே 'யாழ்நூல்' எழுதினவர். ஆர் அவர்? விபுலானந்த அடிகள்!"

அக்கா கும்பிட்டாள். பிறகு மகனைப் பார்த்தாள். "பாத்தியா, பி.எஸ்.சி. படிச்சா 1924இல சாமியார்!"

மருமகனைக் கூட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்துக்கு நடந்தேன். பழைய பாலம் 1924இல் கட்டியது, ஆளுநரின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம். பக்கத்தில் புதியது, 2013இல் திறந்தது. இது இஞ்சினியர்மாரின் வேலை: எத்தனை தொன் தாங்கும், எவ்வளவு காசு முடியும், எப்போது நாடா வெட்டலாம்? பாலத்துக்குக் கீழேயுள்ள வாவிதான் விஞ்ஞானம். 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்காரத் துரை இந்த வாவியில் இரவில் தோணியேறிப் போய்ப் பாட்டுக் கேட்டார். ஈரவிரலால் வைன் கிளாசின் விளிம்பைத் தேய்த்தால் வருமே, அப்படியொரு சத்தம். தோணிப் பலகையில் காதை வைத்தால் இன்னும் பலமாகக் கேட்டதாம். பாடுவது ஊரி என்ற நத்தை என்று மீன்பிடிகாரர் அவருக்குச் சொன்னார்கள். ஊருக்குப் பெயரோ மீன்பாடும் தேன்நாடு. மீனா, ஊரியா? இன்னும் வழக்குத் தீரவில்லை. இடையில் இரண்டு பாலம் கட்டி முடித்துவிட்டார்கள்.

"நாடா வெட்டாத வேலை, மாமா" என்றான் பெடியன். கண் மட்டும் தண்ணியில்தான் நின்றது. எனக்குப் பயம் பிடித்தது. அக்காவுக்கு யார் பதில் சொல்வது?

கடைசியில் வரிசை இப்படிப் போனது: முதலில் பேராதனைப் பொறியியல், அக்காவுக்கு. பிறகு பௌதிக விஞ்ஞானம், அவனுக்கு. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் அம்மம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டா: "ஏன் மனே, இஞ்சினியர் ஆனா நம்மட கிணத்து மோட்டரைத் திருத்துவானா?"

"இல்லை அம்மம்மா. அதுக்கு மோட்டர் பாஸைத்தான் கூப்பிட வேணும்."

"பி.எஸ்.சி. என்டா?"

"ஏன் பழுதானது என்டு சொல்லுவான்."

"அது எனக்கே தெரியும். உங்கொக்கா தண்ணியில்லாம ஓட விட்டவள்."